வெடியுப்பு தின்ற கல்

விருதுநகரில் இறங்கிய அரை மணி நேரத்துக்குள் என் கால்சட்டையைப் பற்றி ஒருவரும், தொப்பியைப் பற்றி இருவரும், மலாயாவில் எல்லோரும் பாம்பு தின்பார்கள் என்பதைப் பற்றி ஒருவரும் என்னிடம் அபிப்பிராயம் சொல்லிவிட்டார்கள். யாரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பது கஷ்டம். அபிப்பிராயம் தாராளமாகக் கிடைக்கும்.

நான் ஈப்போவில் பிறந்தவன். அங்கே ஒரு கல் குவாரிக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். கல்லைச் சதுரமாக வெட்டி, இயந்திரத்துக்குள் வைத்து நசுக்கி, எந்தப் பாரத்தில் உடைந்தது என்று எழுதுவதுதான் வேலை. என் அக்கா ராஜாமணியைச் சிவகாசியில் கட்டிக் கொடுத்து அப்போது ஒன்பது வருஷமாகியிருந்தது. அவளுடைய மாமனார் செல்லையா, வெடிக் கம்பெனியும் அச்சாபீசும் வைத்திருந்த முதலாளி. அவர்தான் கடிதம் போட்டு என்னை வரவழைத்தார்.

விஷயம் இதுதான். விஸ்வநத்தத்தில் அவருக்குப் பழைய கல் கோடவுன் ஒன்று இருந்தது. அதன் தளத்துக்கு மேலே தகரக் கூரை போட்டு, அச்சு இயந்திரங்களை ஏற்றி நிறுத்தத் திட்டம். கீழே அறுபது பெண்கள் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவார்கள். கட்டிடம் தாங்கும் என்று வெளிநாட்டில் கல் சோதிக்கிற ஒருவன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கூட்டாளிகளிடம் காட்ட வசதியாக இருக்கும். "இரண்டு வரி போதும் தம்பி. அப்படியே அக்காளையும் பார்த்தது போல் ஆகும்" என்று கடிதத்தை முடித்திருந்தார். பரீட்சைக்கு முன்னாலேயே மார்க்கைப் போட்டு அனுப்பியிருந்தார் மனிதர். எனக்கும் லீவு இருந்தது, அக்காவைப் பார்த்தும் வெகு காலமாகியிருந்தது. கப்பலேறினேன்.

மத்தியானம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் பரோட்டா கேட்டேன். ஈப்போவில் பரோட்டாவைக் கல்லில் போட்டுச் சுடுவார்கள். இங்கே எண்ணெய்ச் சட்டிக்குள் முக்கிப் பொரித்தெடுத்து, அப்பளம் மாதிரி நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றினார்கள். இது பரோட்டா இல்லையே என்றேன். பரிமாறியவர் என்னைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இதுதான் பரோட்டா. மத்த ஊர்ல குடுக்கிறது வெறும் மாவு" என்றார்.

மூன்று தின்றேன். நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

சிவகாசி பஸ் ஆமத்தூர் தாண்டியதும் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் தகர டப்பாவோடு கிணறு தேடிப் போனார். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அது தினமும் நிற்கிற இடம் போல எல்லோரும் இறங்கி நிழல் பிடித்து உட்கார்ந்தார்கள். எனக்கு எதிரே இருந்த கரிசல்காட்டு விவசாயி ஒருவர் தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அந்தம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் பொடி போட்டுக்கொண்டிருந்தவர் நான் கேட்காமலே மொழிபெயர்த்தார்.

"பையில சுத்தியலை வெச்சுக்கிட்டுப் போறாரே, எந்தக் கோயில்ல செலை திருடப் போறாரோன்னு கேக்காரு."

கல்லின் பலத்தைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்று நான் விவசாயியிடமே விளக்கினேன். அவர் தமிழுக்கு மாறினார்.

"கல்லுக்கு என்ன சீக்கா வந்திருக்கு, நாடி பிடிச்சுப் பாக்க? எங்க கெணத்துப் பாறைக்கு எம்புட்டோ தடவை வெடி வெச்சாச்சு. அசைய மாட்டேங்கு."

சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மனிதன் சாவான், மாடு சாகும், கல் சாகாது. அந்தச் சீமையில் எல்லா ஜாதிக்கும் பொதுவான மதம் இதுதான் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. எங்கள் ஈப்போவில் வந்து பார்த்தால் தெரியும். அங்கே ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள். சாயங்காலம்தோறும் பெய்கிற சாதாரண மழைத் தண்ணீர் அந்த மலைகளைத் தின்று தின்று, உள்ளே கோயில் கட்டுகிற அளவுக்குக் குகை குடைந்து வைத்திருக்கிறது. மழைக்கே கல் அப்படியாகும் என்றேன். விவசாயி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இங்கன பயமே இல்லை. மளை எங்க பேஞ்சுச்சு?"

வீட்டில் அக்கா வாசலுக்கு வரவில்லை. மாமனாரும் அத்தானும் என்னை வரவேற்று உட்கார வைத்துப் பேசி முடித்த பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து, "வந்துட்டியாலே. இம்புட்டு மெலிஞ்சு போயிருக்க" என்று ஒரு குரல் வந்தது. ஈப்போவில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய், வழியில் வம்பு பண்ணினவனைக் குடையால் அடித்த ராஜாமணியின் குரல் அது. இப்போது மாமனார் எதிரில் அவள் வாயைத் திறப்பதில்லையாம். நல்ல குடும்பத்து வழக்கமாம். கதவை ஒட்டி நின்றுகொண்டு உளுந்தங்களியைக் கருப்பட்டியோடு தட்டில் வைத்து நீட்டினாள். அவளைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு மனுஷி இவ்வளவு கரைய முடியுமா என்று நினைத்தேன்.

செல்லையா முதலாளி வெள்ளைச் சட்டையும் ஜவ்வாது வாசனையுமாக ஒரு காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர் கொடுத்த சான்று. கட்டிடம் மிக உறுதியானது என்று இங்கிலீஷில் இருந்தது.

"எங்கே நின்று பார்த்தார்?" என்று கேட்டேன்.

"வாசல்ல நின்னுதான். உள்ள கந்தக வாடை அவருக்கு ஒத்துக்கிடாது" என்றார் முதலாளி, அதில் ஒரு குறையும் காணாமல்.

மறுநாள் காலையில் விஸ்வநத்தத்துக்குப் போனோம். கோடவுன் பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. இரண்டு வரிசைக் கருங்கல் தூண்கள், தூணுக்குத் தூண் மூன்று கல் உத்திரங்கள், உத்திரத்தின் மேல் நெருக்கிப் போட்ட கல் பலகைகள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய கந்தக மூட்டைகளையும் வெடியுப்பு மூட்டைகளையும் இருபது வருஷத்துக்கு மேலாக அதற்குள்தான் அடுக்கியிருக்கிறார்கள். உத்திரத்தை முட்டுகிற அளவுக்கு அடுக்குவார்களாம். மழைக்காலத்தில் பலகை இடுக்குகள் ஒழுகும், "கொஞ்சம் மூட்டை நனையும், அம்புட்டுத்தான்" என்றார் அத்தான். நான் வருகிறேன் என்று மூட்டைகளை வெளியேற்றி, உள்ளே முழுக்க வெள்ளை அடித்து வைத்திருந்தார்கள். நோயாளியைக் காட்டுவதற்கு முன் பவுடர் பூசிவிடும் குடும்பங்கள் உண்டல்லவா, அதுபோல.

அடித்து ஒரு மாதம்கூட ஆகாத வெள்ளை, முழங்கால் உயரத்தில் ஏற்கனவே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்போடு சேர்ந்து கல்லும் ஏடாகக் கழன்று வந்தது. உள்ளே பஞ்சு போல ஒரு வெள்ளைப் பூப்பு. நாக்கில் வைத்தேன். ஜில்லென்று கசந்தது. வெடியுப்பு.

"மாப்பிள்ள கல்லை நக்குதாரு" என்று அத்தான் கூட வந்தவர்களிடம் சொன்னார். சிரிப்புச் சத்தம் உத்திரம் வரைக்கும் போய்த் திரும்பியது.

ஏணி போட்டு ஏறி உத்திரங்களைச் சுத்தியலால் தட்டினேன். நல்ல கல் கணீரென்று பதில் சொல்லும். முதல் உத்திரம் ஏதோ சொன்னது. இரண்டாவது முனகியது. மூன்றாவது, ஈர மண்ணைத் தட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம்.

கீழே இறங்கி முதலாளிக்கு விளக்கினேன். இப்போது நினைத்தால், எப்படிப் பேசியிருப்பேன் என்று எனக்கே தெரிகிறது. ஒரு முட்டாள் கூட்டத்துக்கு வாத்தியார் பாடம் நடத்துகிற தொனி.

கருங்கல் ஒரே பொருள் இல்லை என்றேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மணி மணியாக மூன்று சாமான்கள் தெரியும். ஒன்று கண்ணாடி போல மின்னும். அதைத் திராவகம் லேசில் தொடாது. ஒன்று பால் நிறம். கல்லில் பெரும்பங்கு அதுதான். மூன்றாவது அப்ரகம், கருப்பாக ஏடு ஏடாக இருக்கும். வறண்ட இடத்தில் இவை மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆயிரம் வருஷம் கிடக்கும். ஈரக் கந்தகத்தோடு வைத்தால் கதை வேறு. ஈரம் பட்ட கந்தகம் மெல்ல மெல்லத் திராவகமாக மாறி, மணிகளுக்கு நடுவிலுள்ள மயிரிழை விரிசல்களில் இறங்கும். பால் நிற மணியின் சத்தை உருவிக்கொண்டு அதைக் களிமண்ணாக்கிவிடும். அப்ரகத்தில் இருக்கும் இரும்பு துருவாகி உப்பி, ஏடுகளைப் பிரிக்கும். வெடியுப்பு செய்வது வேறு வேலை. தண்ணீரில் கரைந்து கல்லுக்குள் போகும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது படிகமாக வளரும். வளர இடம் இல்லாவிட்டால் கல்லை நெம்பி இடம் உண்டாக்கிக்கொள்ளும். மழைக்கு ஒரு தடவை, வெயிலுக்கு ஒரு தடவை, இருபது வருஷம். வெளியிலிருந்து பார்த்தால் உத்திரம் அதே உத்திரம்தான். நேராக அழுத்துகிற பாரத்தை அப்படிப்பட்ட கல் கொஞ்ச காலம் தாங்கும். நடுவில் பாரம் வைத்து வளைக்கிறபோது தாங்காது. உத்திரத்தின் வேலையே வளைகிற பாரத்தைத் தாங்குவது.

முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"ஆயிரம் வருசமா கோயிலெல்லாம் கல்லுலதான தம்பி நிக்கு?"

"கோயிலில் கந்தகம் அடுக்கி வைப்பதில்லை, மாமா."

"சூடம் கொளுத்துறாகள்ல" என்றார். கூட வந்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். "வெள்ளிக்கிழமை முகூர்த்தம் குறிச்சாச்சு. சீசன் ஆர்டர் நிக்குது. நீங்க யோசிச்சு ரெண்டு வரி எழுதுங்க."

எல்லோரும் வெளியே போன பிறகு ஒருவர் மட்டும் மூன்றாவது உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகள் எல்லாம் மஞ்சள். இயந்திரத்தை மேலே ஏற்றும் பொறுப்பு அவருடையது. பெயர் மாரிமுத்து. முதலாளியின் அச்சாபீசில் கல் அச்சு வேலை பார்ப்பவர்.

"அது வாய் பேசலையே சார்" என்றார்.

அந்த ஊரில் நான் கேட்ட முதல் அறிவுள்ள வாக்கியம்.

மூன்றாம் நாள் மாரிமுத்து வேலை பார்த்த அச்சாபீசுக்குப் போனேன். சுவரெல்லாம் தீப்பெட்டி லேபிள்கள்: புலி, கிளி, சாமி, சினிமாக்காரி சாயலில் ஒரு லட்சுமி. அறைக்குள் நிரந்தரமான மைவாடை. ஜெர்மனியிலிருந்து வந்த சுண்ணாம்புப் பாறைப் பலகைகளில் படம் எழுதி, அந்தக் கல்லிலிருந்தே அச்செடுத்தார்கள். ஈப்போவில் என்றைக்கோ குப்பையில் போட்ட முறை என்று சொல்லி வைத்தேன். மாரிமுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோந்தில் திராவகத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, படம் எழுதிய கல்லின் மேல் தூரிகையால் தடவினார். கல் மெல்லப் பொங்கியது.

"இந்தா, இம்புட்டு நொரை வந்தாப் போதும். படம் இல்லாத எடத்தை மட்டும் லேசாக் கடிக்கும். ரெண்டு சொட்டுக் கூடிச்சுன்னா படத்தையும் தின்னுரும், கல்லையும் கெடுத்துரும். பதினெட்டு வருசமா கல்லுக்குத் திராவகம் குடுக்கிறவன் சார் நான். கல்லை எதுவும் செய்யாதுன்னு யாராச்சும் சொன்னா எனக்குச் சிரிப்புத்தான் வரும்."

"முதலாளியிடம் சொல்வதுதானே?"

"நான் சொன்னா கூலிக்காரன் பேச்சு. நீங்க சொன்னா வெளிநாட்டுப் பேச்சு. ரெண்டையும் அவுக கேக்கல. கண்ணுல காட்டணும்."

அவரேதான் வழியும் சொன்னார். கோடவுன் கட்டியபோது மூட்டைகளுக்கு அடியில் போட நீளமான கற்கள் வந்தன. அதில் ஒரே அளவில் இரண்டு, ஒரே பாறையில் ஒரே நாளில் உடைத்தவை. ஒன்றை உள்ளே கந்தக மூட்டைகளுக்கு அடியில் போட்டார்கள். மற்றது தேவைப்படாமல் கொல்லைப்புறத்தில் அன்றிலிருந்து கிடக்கிறது. "மளையும் வெயிலும் வெளிய கெடந்ததுக்குத்தான் கூட. உள்ள கெடந்ததுக்கு மருந்துதான் கூட" என்றார். இவ்வளவு சுத்தமான ஒரு சோதனையை என் சோதனைக்கூடத்தில் பதினோரு வருஷத்தில் யாரும் யோசித்ததில்லை, நானும் சேர்த்து.

நான்காம் நாள் காலை கோடவுன் வாசலில் அதைச் செய்தோம். இரண்டு மரக்கட்டைகளின் மேல் கல்லைப் பாலம் போலக் கிடத்தி, நடுவில் கயிற்று உறி மாட்டி, அதில் உபயோகமற்ற அச்சுக் கற்களை ஒவ்வொன்றாக வைப்பது. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லேபிள் ஒட்டும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

கொல்லையில் கிடந்த கல்லை முதலில் ஏற்றினோம். ஐந்து அச்சுக் கற்கள், எட்டு, பதினொன்று. அசையவில்லை. உறியில் இடம் தீர்ந்ததால் நிறுத்தினோம். அடுத்து உள்ளேயிருந்த கல். முதல் பாரத்துக்குப் பேசாமல் இருந்தது. இரண்டாவதை வைத்ததும் அடிப்பக்கத்திலிருந்து பொடி உதிர்ந்தது. மூன்றாவதை மாரிமுத்து வைத்துக் கையை எடுக்கவில்லை, சத்தமே இல்லாமல் இரண்டாக விழுந்தது. முறிந்த முகத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். மினுமினுப்பே இல்லை. பால் நிற மணிகள் இருந்த இடமெல்லாம் ஊறிய மாவு போல இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், குழிந்தது.

முதலாளி எழுந்து வேட்டியை உதறினார்.

"சின்னக் கல்லு ஒடஞ்சா பெரிய கல்லும் ஒடையணும்னு இருக்கா? சின்னப் பிள்ளை விளுந்தா அப்பனும் விளுவானா? வெடி செய்யிற சனம் தம்பி நாங்க. நீங்க சொல்லுறதுக்கெல்லாம் பயந்தா இந்த ஊர்ல அடுப்பெரியாது."

ஆத்திரத்தில் நான் வளைவு, இழுவிசை என்று மறுபடியும் ஆரம்பித்தேன். பெண்களில் மூத்தவளான சுப்பக்கா என்னை இடைமறித்தாள். அவள் கைகளில் பசை காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது.

"அம்புட்டும் இருக்கட்டும் சார். மெசினை மேல ஏத்தின பொறவு நீங்க உள்ள உக்காருவீகளா?"

"மாட்டேன்."

"அப்ப நாங்களும் மாட்டோம்" என்றாள். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை.

நான்கு நாள் முதலாளியிடமும் கூட இருந்தவர்களிடமும் பேசிய பேச்செல்லாம் வீண். அந்தக் கேள்வியை உத்திரத்துக்கு அடியில் உட்காரப் போகிறவள் கேட்டு, அதற்கு நான் ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. எனக்குத்தான் அது தோன்றவில்லை.

அன்று வீட்டில் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. அத்தான் மட்டும், "உங்க அக்கா இந்த வீட்டுல வாழணும், மாப்பிள்ள. அதை நெனச்சுக்கிடுங்க" என்றார். அக்கா தோசை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதிக் கொடுத்துவிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நெசமாவே விளுந்துருமா?"

"விழும்."

"அப்ப எதுக்கு என்கிட்ட கேக்குத?" என்றாள். சட்னியை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தார்கள். ஆனால் உள்ளே போகவில்லை. வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து அங்கேயே பசை கலக்கினார்கள். வீட்டுப் பெண்கள் பூஜைக்காக வந்து ஓரமாக நின்றிருந்தார்கள். சறுக்கு மரங்களின் மேல் அச்சு இயந்திரத்தின் அடிப்பாகத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தது பத்துப் பேர் கொண்ட கூட்டம். மாரிமுத்து மேலே கயிற்றோடு நின்றார். முந்தின நாள் அவர் முடியாது என்றிருக்கிறார். அவர் இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். தெரியாதவன் கையில் கயிறு போவதைவிடத் தன் கையில் இருப்பது மேல் என்று வந்துவிட்டார்.

பெண்கள் உள்ளே வராததைக் கூட்டாளிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு முகம் கருத்தது. ஒரு நாற்காலியை எடுத்துவரச் சொன்னார். அதை நேராக மூன்றாவது உத்திரத்துக்கு அடியில் போட்டு, உட்கார்ந்து, வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார்.

"என் கட்டிடம் என் தலையில விளட்டும். இளுங்கலே."

கயிறு இழுபட்டது. இயந்திரம் தளத்தின் விளிம்புக்கு வந்தது. அத்தான் வாசலில் நின்று, "அப்பா, வெளிய வாங்க" என்றார், பாதிக் குரலில். கூட்டாளிகள் தரையைப் பார்த்தார்கள். நான் கருவை நிழலில் நின்றுகொண்டிருந்தேன். என் பையில், கட்டிடம் பாரம் தாங்காது என்று நான் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. போய் அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். போகவில்லை. மாறாக மனசுக்குள், கிழவனுக்கு வேண்டும், படட்டும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அதை மறைத்து எழுதுவதற்கில்லை.

அப்போது அக்கா பெண்கள் நின்ற இடத்திலிருந்து நடந்து கோடவுனுக்குள் போனாள். அவசரமே இல்லை. தண்ணீர் கொண்டுபோகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கும்மா இங்கன வந்த? வெளிய போ."

"நீங்க வந்தா வாரேன், மாமா."

அவர் எதிரில் அவள் பேசி ஊரார் கேட்டது அதுதான் முதல் தடவை. மேலே கயிறு நின்றுவிட்டது. "முதலாளி வீட்டு மருமக உள்ள இருக்காக. இனி இளுக்க மாட்டேன்" என்ற மாரிமுத்துவின் குரல் கேட்டது. இயந்திரம் முக்கால் பங்கு சறுக்கு மரத்திலும் கால் பங்கு தளத்திலுமாக நின்றது. அந்தக் கால் பங்குக்கே உத்திரத்தின் அடியிலிருந்து ஏதோ சன்னமாக உதிர ஆரம்பித்தது. வாசல் வெளிச்சத்தில் அது தெரிந்தது. முதலாளியின் வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்தது, அக்காவின் தலையில் விழுந்தது.

அக்கா எழுந்து அவர் தோளிலிருந்ததைத் தட்டிவிட்டாள். கொஞ்சத்தை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"மாவு மாதிரி இருக்கு, மாமா."

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். வெற்றிலைச் செல்லத்தை மூடினார். "சாப்பாட்டு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே நடந்தார். அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இயந்திரத்தைக் கீழே இறக்கினார்கள். மலாயாத் தம்பி ரொம்பப் பயந்த சுபாவம், விருந்தாளி மனசு நோகக்கூடாதே என்று நிறுத்தி வைத்தேன் என்று முதலாளி கூட்டாளிகளிடம் சொன்னார். அவர்கள் அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் அச்சாபீஸ் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு இயந்திரத்தைத் தரையில் நிறுத்தினார்கள். கோடவுனுக்குப் பூட்டு விழுந்தது. என் தாளை யாரும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. அடுத்த கோடையில் கட்டிடத்தைப் பிரித்தபோது, மூன்றாவது உத்திரம் கயிறு கட்டித் தூக்கும்போதே நடுவில் முறிந்தது என்று மாரிமுத்து ஈப்போவுக்கு எழுதினார். மற்ற இரண்டும் முழுசாக இறங்கினவாம்.

நான் புறப்பட்ட அன்று அக்கா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். மாமனாரே அனுப்பி வைத்தார். சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம், பால்கோவா ஒரு பெட்டி. பஸ் வழக்கம்போல வரவில்லை. இந்த ஊரில் எதுவும் நேரத்துக்கு வராது என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்.

"தம்பி, அன்னைக்கு மெசினை முளுசா இளுத்திருந்தா விளுந்திருக்குமா?"

தோசை வைத்தபோது சொன்னது போல விழும் என்று சொல்ல வாய் வரவில்லை.

"விழுந்திருக்கலாம். இன்னும் அஞ்சு வருஷம் நின்றிருக்கவும் செய்யலாம். கல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லலாம், அக்கா. என்றைக்கு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் விளும்னு நம்பித்தான் உள்ள போனேன்" என்றாள்.

பஸ் வந்தது. டிரைவர் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை நாங்கள் நின்றோம். ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே அவள் நீட்டிய சேவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.